பன்னிரண்டு முழுச் சுருட்டு

என் பெரியப்பாவின் விலை பன்னிரண்டு சுருட்டு. முழுச் சுருட்டு. உடைந்தது, வெடித்தது, பூசணம் பூத்தது எதுவும் செல்லாது. விலையைச் சொன்னவரும் அவரேதான், பத்தொன்பது வருடம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு தொலைபேசி அழைப்பில்.

“என் பங்கு பன்னண்டு. முழுசா என் கைக்கு வரட்டும், உட்கார்ந்து பேசலாம். ஒண்ணு குறைஞ்சாலும் வந்த வழியே திரும்பிடுவேன்.”

மொத்தக் கீரைக் கடையில் நாற்பது வருடம் தொண்டை கிழியப் பேரம் பேசிய அப்பா, “சரிண்ணே” என்று ஒரே வார்த்தையில் படிந்துவிட்டார். பேரம் பேசாத வியாபாரி ஒன்று பொய் சொல்கிறான், இல்லையென்றால் உயிர்ப் பயத்தில் இருக்கிறான்.

அப்பாவுக்கு இரண்டாவது, உயிர்ப் பயம். நாற்பத்திரண்டு நாளில் அவருடைய நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை. “அண்ணன் வந்து பக்கத்துல நிக்காம நான் அந்த மேசையில படுக்க மாட்டேன்” என்று மருத்துவரிடமே சொல்லிவிட்டு வந்திருந்தார். படுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அம்மாவும் இல்லாத வீடு. நானும் அப்பாவும் கடையும்தான்.

சுருட்டுக் கதை இது. கப்பல்களுக்குக் காய்கறி வாங்கும் ஒரு தலைமைச் சமையல்காரர், ஒரு புயல் வாரத்தில் முழங்கால் தண்ணீரில் கீரைக்கட்டு சுமந்து வந்து கொடுத்த அண்ணன் தம்பிக்கு ஒரு மரப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். உள்ளே இருபத்தைந்து சுருட்டு. ஒன்றை அன்றே இருவரும் மாறி மாறிப் பிடித்து, மாறி மாறி இருமினார்கள். மீதி இருபத்து நான்கு. ஆளுக்குப் பன்னிரண்டு. கடையை விட்டு ஓய்வெடுக்கும் நாளில் சேர்ந்து உட்கார்ந்து பிடிப்பது என்று ஒப்பந்தம்.

ஒரு வருடம் கழித்துப் பெரியப்பா பெட்டியைத் திறந்து எண்ணினார். இருபத்து மூன்று.

“நான் தொடலண்ணே,” என்றார் அப்பா.

“அப்ப சுருட்டுக்குக் கால் முளைச்சுதா? எனக்குத் தெரியாம இதை எடுத்தவன், கடையில என்னென்ன எடுத்தியோ!”

அந்த வாரமே பெரியப்பா வேறு ஊருக்குப் போய்த் தனிக்கடை போட்டார். பெட்டியை மட்டும் அப்பாவிடமே விட்டுப் போனார். குற்றம் செய்தவன் கண்ணெதிரே கிடக்கட்டும் என்று.

குற்றம் செய்தது நான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. லாரி ஓட்ட ஒருவர் வருவார். வேகத்தைக் குறைத்துப் பழக்கமே இல்லாததால் அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர். சுருட்டு ஆசை பிடித்த மனிதர். அவரிடம் பளபளவென்று ஒரு சைக்கிள் மணி இருந்தது. ஒரு சுருட்டுக்கு ஒரு மணி. விளக்கும் சேர்த்துக் கேட்டேன், தரவில்லை. பெரிய லாபம் பார்த்துவிட்டதாக ஒரு வாரம் ஊரெல்லாம் மணியடித்துத் திரிந்தேன். பெரியப்பா எண்ணிய அன்று கதவோரம்தான் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் கன்னத்தில் ஒரு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு அறையை மிச்சம் பிடித்தேன். பிறகு சைக்கிள் துருப்பிடித்துப் போனது. மணி கடை மேசைக்கு வந்தது. சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட அப்பா அதைத்தான் தினமும் அடிக்கிறார். ஒவ்வொரு அடியும் எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்கும்.

பெரியப்பா பேசிய அன்றே அப்பா மாடி அறை அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினார். தகரக் கூரைக்கு ஒரு சாண் கீழே பத்தொன்பது கோடையைப் பார்த்த பெட்டி. மூடியைத் திறந்து, ஆசையாக ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ‘நொறுக்’ என்றது. அப்பளம் மாதிரி உடைந்து, மடியெல்லாம் தூள். கையில் அதைச் சுற்றியிருந்த காகித வளையம் மட்டும் மிஞ்சியது.

“ஒண்ணு போச்சு,” என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“இனிமே நீங்க தொடாதீங்கப்பா. இருபத்திரண்டு இருக்கு. பன்னண்டைக் காப்பாத்தறது என் பொறுப்பு.”

சுருட்டு விற்கும் கடையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் துணியில் சுற்றிக் கொண்டுபோன ஒன்றைக் காதருகே வைத்து இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். சருகுச் சத்தம் கேட்டது.

“எத்தனை வருஷமா வறுத்தீங்க?”

“தேறுமாக்கா?”

“தேறும். எண்ணெயெல்லாம் போயிருக்கும், பழைய ருசி வராது. ஆனா உடம்பு தேறும். ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“ஒரு மாசத்துல முடிச்சுக் குடுங்க.”

“இது என்ன கீரைக்கடையா, சாயங்காலம் ஆனா விலை குறைக்க? அவசரமா ஈரம் குடுத்தா உள் இலை ஊதும், மேல் இலை வெடிக்கும். மேல் இலை வெடிச்ச சுருட்டும் தையல் பிரிஞ்ச சட்டையும் ஒண்ணு.”

“நாப்பத்திரண்டு நாள்தான் இருக்கு.”

“அப்ப நாப்பத்திரண்டு நாளுக்கு உண்டான உயிர் வரும்.”

என் வாழ்க்கையில் ஒரு கடையில் பேரம் படியாமல் வெளியே வந்தது அன்றுதான். கையில் அவள் கொடுத்த சாமான்கள்: காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய டப்பா ஒன்று, தேவதாரு மரச் சீவல்கள், ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டர், ஈரத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் பாக்கெட்டுகள். ஈரம் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டின் மேலேயே எண் போட்டிருக்கும். முதலில் அறுபத்திரண்டு. இரண்டு வாரம் கழித்து அறுபத்தைந்து. கடைசியில் அறுபத்தொன்பது. படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீட்டரைச் சோதித்தேன். தராசைப் பார்க்காமல் சரக்கைப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பாட்டில் மூடியில் ஈர உப்பு வைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு பையில் இறுக்கிக் கட்டி வைத்தால், ஒரு நாள் கழித்து எழுபத்தைந்து காட்ட வேண்டும். எழுபத்தொன்பது காட்டியது. நாலு கூட்டிச் சொல்லுகிற மீட்டர். எத்தனையோ தரகர்களைப் பார்த்தவள், நாலைக் கழித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

டப்பாவின் அடியில் சீவல், அதன்மேல் சுருட்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, பாக்கெட் எதன்மேலும் படாமல் மூலையில் வைத்து மூடினேன். மாடி வேண்டாம், குளிர்பெட்டி கூடவே கூடாது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரி வெயில் படாத இடம். மூன்று நாளுக்கு ஒரு முறை திறந்து, மேல் வரிசையைக் கீழே மாற்றி, ஒவ்வொன்றையும் கால் திருப்பு திருப்பி வைப்பேன். அப்போது இருபத்திரண்டையும் சேர்த்து, கடையின் சின்ன மின்தராசில் நிறுப்பேன். ஈரம் ஏறினால் எடை ஏறும். கீரைக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் இருநூற்று அறுபத்து நாலு கிராம். இருநூற்று எண்பத்தைந்தைத் தொட்டால் போதும் என்று கடைக்காரி கணக்குச் சொல்லியிருந்தாள். எடையை நாள்காட்டியில் எழுதி வந்தேன். இருநூற்று அறுபத்தாறு. அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.

நாள்காட்டியை அப்பாவும் படித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் நான் கவனிக்காத கணக்கு.

“ஏம்மா, ஆமை மாதிரிப் போகுதே.”

“ஆமை போய்ச் சேர்ந்தா போதும்பா.”

“நாள் இருக்கா?”

“இருக்கு. நீங்க மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், போட்டேன். உன் சுருட்டுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம். மூடி போட்டு மூலையில உட்கார வச்சுட்ட.”

இருபத்திரண்டாம் நாள் மதியம் கடையிலிருந்து வந்து டப்பாவைத் தூக்கினேன். கை சொன்னது. தராசுக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தேன். முந்தின நாள் இருநூற்று எழுபத்து மூன்று. இன்று முந்நூற்று நாலு.

ஒரே நாளில் முப்பத்தொரு கிராம் ஏறுகிற சரக்கு உலகத்தில் ஒன்றுதான். தண்ணீர் தெளித்த கீரை.

பின்கட்டில் கொடியில் ஒரு ஈரச்சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. வாடிய கீரையை உயிர்ப்பிக்க எங்கள் கடையில் செய்வது அதுதான். சாக்கை நனைத்து, பிழிந்து, சரக்கின்மேல் அரை நாள் போர்த்திவிட்டால் செத்த தண்டும் நிமிர்ந்து நிற்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பிழிஞ்சுதான் போட்டேன்,” என்றார்.

“எப்ப போட்டீங்க?”

“காலையில நீ போனதும். கொத்தமல்லிக்குப் போடற மாதிரி மெல்லிசாத்தான்… இலைதானேம்மா அதுவும்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தராசையே சுவரில் அடித்திருப்பேன். ஆனால் அவருடைய கை சட்டைப் பித்தானின்மேல் இருந்தது, நெஞ்சுக்கு நேராக. மறுபடி மூடியைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. விரல் சொடுக்கினாற்போல ஒரு சின்னச் சத்தம். இருவரும் டப்பாவைப் பார்த்தோம். ஒரு சுருட்டின் மேல் இலை, தலையிலிருந்து இடுப்புவரை, எங்கள் கண்முன்னாலேயே விரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு வெடித்தன. நான் ஒவ்வொன்றாகத் துடைத்து, காய்ந்த சீவலில் பரப்பி, ஈரத்தைப் பழையபடி இறக்கினேன். மின்விசிறி போடக் கூடாது, வெயில் காட்டக் கூடாது. காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்யக் கூடாது. எங்கள் வம்சத்துக்கே வராத வேலை அது.

அதிலிருந்து ஐந்தாம் நாள் மூன்று சுருட்டின் முனையில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. ஊதிப் பார்த்தேன். துடைத்தால் போகிற வெள்ளைப் பொடி இல்லை; வேர் விட்ட பூசணம்.

“தனியா எடுத்துடணும்பா. இல்லன்னா மத்ததுக்கும் தாவும்.”

“தூக்கிப் போட்டுடாத. எண்ணிக்கைக்கு வேணும்.”

“போடல. கண்ணாடி ஜாடியில மூடி வைக்கறேன். ஆஸ்பத்திரியில தனி வார்டு மாதிரி.”

அவர் விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. இருபத்திரண்டில் ஏழு போனது, மூன்று போனது.

“பன்னண்டு,” என்றார். “சரியாப் பன்னண்டு.”

அதற்குமேல் அவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பதற்காகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னும் ஒன்று வெடித்தால் எல்லாம் முடிந்தது. அந்தப் பதின்மூன்று நாளும் வீட்டில் யாராவது விரலைச் சொடுக்கினால்கூட இரண்டு பேரும் திடுக்கிட்டோம்.

அவருக்குக் கவலை பன்னிரண்டு. எனக்குக் கவலை இன்னொன்று. பெரியப்பா தன் பங்கை வாங்கிக்கொண்டதும் அப்பாவின் பங்கை எண்ணாமல் விடுவாரா? அதில் ஒன்று குறையும். பழைய கேள்வி வரும். பதில் என்னிடம்தான் இருக்கிறது.

முப்பத்தெட்டாம் நாள் சுருட்டுக் கடைக்குப் போனேன். அதே நீளம், அதே பருமன், அதே நிறத்தில் ஒன்று கேட்டேன். அப்பா கையில் நொறுங்கியதன் காகித வளையத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை நான் புதுச் சுருட்டில் ஏற்றிப் பார்ப்பதைக் கடைக்காரி பார்த்தாள்.

“சுருட்டுதான் நான் விக்கறேன்,” என்றாள். “பொய் உங்க கடைச் சரக்கு. அதுக்கு நான் பொறுப்பில்ல.”

நாற்பதாம் நாள் பெரியப்பா வந்தார். உட்காரவில்லை. வாசலருகே மேசையைப் போட்டு, பன்னிரண்டையும் பழைய மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். பெரியப்பாவின் உடல் கனத்திருந்தது, முடி கொட்டியிருந்தது, ஆனால் எண்ணுகிற விரல் அதே விரல். ஒவ்வொன்றையும் எடுத்தார், காதருகே கொண்டுபோனார், மெல்ல அழுத்தினார். அழுத்தும்போதெல்லாம் அப்பாவின் கண் மூடிக்கொண்டது. பன்னிரண்டாவது கொஞ்சம் பிசகான ஒன்று. தலைப்பக்கம் முடி அளவுக்கு ஒரு கோடு. பெரியப்பா அதை வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது கோடா, வெடிப்பா?”

“இலை நரம்பு பெரியப்பா,” என்றேன். அது உண்மைதான்.

நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“என் பன்னண்டு சரி. சரக்கை வச்சுக் காப்பாத்தியிருக்க. இப்ப உன் பங்கை எடு.”

வெடித்த ஏழு. ஜாடியில் மூன்று. காகிதப் பொட்டலத்தில் ஒன்றின் தூள்.

“பதினொண்ணு. பன்னண்டாவது எங்க?”

“அண்ணே, அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். நான் எடுக்கல.”

“உன் பங்குல குறையுது, நீ எடுக்கலியா? டேய், எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மன்னிச்சுட்டுப் போறேன். மேசையில படுக்கப் போறவன்கிட்ட எனக்கு என்ன கோவம்?”

“செய்யாததுக்கு மன்னிப்பு எனக்கு வேணாம்.”

“நாப்பது வருஷம் ஆனாலும் உன் கழுத்து வளையாதுடா.”

“வளையாது.”

அப்பாவின் நெற்றியில் வியர்வை புள்ளி புள்ளியாக நின்றது. நான், “பெட்டிக்கு அடியில பாத்தீங்களா? தகடு ஒண்ணு இருக்கே,” என்றேன். என் குரல் எனக்கே தரகர் குரல் மாதிரிக் கேட்டது.

பெரியப்பா அடியில் இருந்த தேவதாருத் தகட்டை நகத்தால் நெம்பினார். கீழே, காகித வளையத்தோடு, முழுதாக ஒரு சுருட்டு.

“அண்ணே!” அப்பா எழுந்தேவிட்டார். “இங்கயே இருந்திருக்கு! பாருங்கண்ணே, இங்கயேதான் இருந்திருக்கு!” அழுகையும் சிரிப்புமாக அவர் மேசையைத் தட்டிய தட்டலில் பன்னிரண்டும் குதித்தன.

பெரியப்பா சிரிக்கவில்லை. அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஒன்றை இன்னொரு கையில் எடுத்தார். இரண்டையும் முகர்ந்தார். நாற்பது வருடம் கையாலேயே கீரையின் வயதைச் சொன்ன மனிதர்.

“இது பெட்டி வாசனை. இது கடை வாசனை,” என்றார். வளையத்தைச் சுழற்றினார், அது தளர்வாகச் சுற்றியது. “அன்னிக்குத் திருட்டு. இன்னிக்குப் பித்தலாட்டமா?”

“என்னண்ணே சொல்றீங்க?”

“போதும்டா.” நாற்காலி பின்னால் நகர்ந்தது. பெரியப்பா வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்பாவின் உதடு வெளுத்தது; நாற்காலிக் கையைத் தேடின விரல்களுக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு மேசைக்கடியில் இருந்த என் பையிலிருந்து மணியை எடுத்து, மேசைமேல் வைத்து அடித்தேன். ஏன் அதைக் காலையில் கடையிலிருந்து எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. பொய்யோடு மெய்யையும் கையிருப்பில் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

“பெரியப்பா, அந்தச் சுருட்டு இதுதான்,” என்றேன். “பிரேக் கிட்ட மாத்தினேன். பதின்மூணு வயசுல. இப்ப தகட்டுக்கடியில வச்சதும் நான்தான். அப்பாவுக்கு ரெண்டும் தெரியாது.”

வாசலில் இருந்த கால் அப்படியே நின்றது. பிறகு பெரியப்பா திரும்பி வந்து, மணியைத் தூக்கிக் கையால் எடை பார்த்தார். ஒரு முறை அடித்தார்.

“ஏய் எடைக்கல்லு.” சின்ன வயதில் தராசுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று அவர் வைத்த பெயர். “ஒரு முழுச் சுருட்டுக்கு வெறும் மணியா? விளக்கும் கேட்டிருக்க வேணாம்?”

“கேட்டேன். தரல.”

“தரலன்னா விட்டுட்டு வரதா? நம்ம வீட்டுப் பொண்ணா நீ?” என்றவர், அப்பாவின் பக்கம் திரும்பினார். “டேய் தம்பி… பத்தொன்பது வருஷம்டா.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தினமும் தன் கையால் அடித்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிச்சம் பிடித்த அந்த அறை இப்போது விழுந்தால் தேவலை என்றிருந்தது. விழவில்லை. புதுச் சுருட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். “எடுத்ததுக்குப் பதிலா இதை வச்சுக்கங்கப்பா.”

ஒரே விரலால் அதை என்னிடமே தள்ளினார். “இது அந்தப் பெட்டியில வந்ததில்ல,” என்று பெரியப்பாவிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

பெரியப்பா அண்ணனாகிவிட்டார். தண்ணீர் எடுத்துக் குடிக்க வைத்தார், சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டார். பிறகு சுவரிலிருந்து நாள்காட்டியை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலைத் தம்பி கையில் கொடுத்தார்.

“நான் சொல்றேன், நீ எழுது. நாளை மறுநாள் மேசையில படுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கு முடியணும்.”

“முழுசா முடிக்க வேணாம்ணே,” என்றார் அப்பா. அன்று அவர் நிதானமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. “ஒரு வரி நிலுவையில இருக்கட்டும். வசூல் பண்ணன்னாலும் நான் எழுந்து வரணும்ல.”

அவர் எழுத்து நேராகத்தான் விழுந்தது.

மொத்தம்: 25
சேர்ந்து பிடித்தது: 1
அண்ணன் பங்கு, முழுசு: 12
தம்பி பங்கு, வெடித்தது: 7
பூசணம்: 3
தூள்: 1
மகள் எடுத்தது: 1, வர வேண்டியது.